பழம்புடவையில் கட்டிக் கொடுங்கள்

கள்ளக்குறிச்சியில் முகூர்த்த நாளன்று எந்தக் கல்யாண மண்டப வாசலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். முன்னால் மேளம், பின்னால் வரிசைத் தட்டுகள். ஆப்பிள், மாதுளை, அதிரசம், முறுக்கு, பட்டுப்புடவை, குங்குமச்சிமிழ் எல்லாம் கண்ணாடித் தாளுக்குள் அடைபட்டு வரும். மேலே சரிகை ரிப்பனில் ஒரு பூ. மேடையேறி நண்பர்கள் நீட்டும் பெட்டிகள் வெள்ளியும் தங்கமுமாக மின்னும் பரிசுத் தாளில் சுற்றப்பட்டிருக்கும். மறுநாள் விடியும்போது பொருள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். உறை மண்டபத்துக் கொல்லையில் கிடக்கும். அதில் மின்னுவது காகிதம் அல்ல, காகிதத்தின்மேல் ஒட்டியிருக்கும் உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் படலம். இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லாததால் பழைய பேப்பர்காரரும் அதை எடைக்கு வாங்க மாட்டார்.

சட்டம் இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில், இனிப்புப் பெட்டிகள்மீதும் அழைப்பிதழ்கள்மீதும் சிகரெட் பாக்கெட்டுகள்மீதும் சுற்றும் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அலங்காரத்துக்கு வைக்கும் தெர்மோகோலும் இருக்கிறது. சீர்த்தட்டைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. லட்டுப் பெட்டிக்குக் கூடாதது, லட்டுத் தட்டுக்கு ஆகலாம் போலிருக்கிறது.

கடையேழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இரவலர்க்குக் குதிரை கொடுத்தவன் என்று அவனுக்குப் பெயர். குதிரையைத் தாளில் சுற்றிக் கொடுத்ததாகச் சங்கப் பாடல் எதிலும் செய்தி இல்லை.

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. அதே நாளில் தென்கொரியாவிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்ததல்ல. ஜப்பான் ஒன்றரை வருடம் தாமதமாக, 2020 ஜூலை 1 முதல், கடைப் பைக்குக் காசு வாங்குவதைக் கட்டாயமாக்கியது. பையை விடச் சொன்னால் அடுத்து எதை எடுப்பது என்ற கேள்வி மூன்று இடத்திலும் எழுந்தது. தமிழ்நாடு, 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்கள் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் வந்தன. ஜப்பானியர் வீட்டிலும் கொரியர் வீட்டிலும் பைக்கு முந்தைய பொருள் ஒன்று இன்னும் முழுதாக மறக்கப்படாமல் இருந்தது. தைத்த பக்கமில்லை, கைப்பிடியில்லை, வெறும் சதுரத் துணி. ஜப்பானில் அது ஃபுரோஷிகி, கொரியாவில் போஜாகி.

கள்ளக்குறிச்சிப் பெண்பிள்ளைகளுக்கு இது அறிமுகமில்லாத பொருள் அல்ல. தமிழில் குரல் கொடுத்துக் கைப்பேசிக்குள் வந்துவிட்ட கொரியத் தொடர்களில், மகள் வீட்டுக்கு வரும் அம்மா ரோஜா நிறத் துணியில் கட்டிய அடுக்குப் பெட்டிகளோடு படியேறி வருவார். முடிச்சை அவிழ்த்தால் உள்ளே தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள். அதைப் பார்த்து ரசிக்கிறவர்களுக்கு அந்த முடிச்சைப் போடவும் சொல்லிக்கொடுக்கலாம். பள்ளித் தையல் வகுப்பிலும், கல்வராயன் மலை மகளிர் குழுக்களிலும், கல்யாண மண்டபங்களுக்குத் தட்டு அலங்காரம் செய்துகொடுக்கும் பெண்களிடையேயும் இந்தக் கட்டுக்கலை பரவ வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: புதுத் துணி வாங்கிச் செய்வதானால் செய்யவே வேண்டாம்.

நிபந்தனைக்குக் காரணம் பின்னால் வரும். முதலில் ஜப்பானைத் தலையில் தூக்கிவைத்து ஆடும் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில், எட்டாம் நூற்றாண்டுப் பொருள்களைச் சுற்றிவைத்த துணிகள் இன்றும் இருக்கின்றன. எடோ காலத்தில் பொதுக் குளியலறைக்குப் போகிறவர்கள் மாற்றுடையை இப்படிக் கட்டிக்கொண்டு போனார்கள். பிறகு வணிகர்கள் சரக்கைக் கட்டித் தோளில் போட்டார்கள். இவ்வளவு பழைய பழக்கத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து மூலையில் தள்ளிவிட்டன. பச்சையில் வெள்ளைக் கொடி ஓடும் அந்த நாட்டின் பிரபலமான துணி வடிவத்தைக் கேலிச் சித்திரக்காரர்கள் திருடன் முதுகில் மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். 2006-ல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யுரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த இழையில் நெய்த ஒரு ஃபுரோஷிகியைக் காட்டி, ‘பையை விட்டு இதை எடுங்கள்’ என்று பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கும் 12 ஆண்டுகள் கழித்து, 2018-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் பிளாஸ்டிக் உறைக் குப்பையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் ஜப்பானுக்கு என்றது. பிஸ்கட்டைத் தனித்தனியாகச் சுற்றி, அதைப் பெட்டியில் போட்டு, பெட்டியையும் சுற்றிப் பையில் போடும் நாடு அது. கற்கவேண்டியது அவர்களுடைய துணியை, கடையை அல்ல.

நம் பக்கம் துணிக்கட்டு இல்லாமலா இருந்தது? குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டால் மஞ்சள் துணியில் காசை முடிந்து சாமி படத்தருகே வைப்பது இன்றும் நடக்கிறது. பிறந்த பிள்ளைக்குத் தூளி அம்மாவின் பழைய சேலை. தூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு. ஓலைச்சுவடிக் கட்டுக்குத் துணி, இஸ்லாமியர் வீட்டில் குர்ஆனுக்குத் துணி. தாலுகா அலுவலகப் பதிவறைகளில் பழைய கோப்புகள் துணியில் கட்டி அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள், அரசாங்கம் இந்தக் கலையை ஒருநாளும் கைவிடவில்லை என்று சாட்சி சொல்வார்கள். வடக்கே இமாச்சலத்தின் சம்பாவில், கல்யாணத்தில் இரு வீட்டாரும் பரிமாறிக்கொள்ளும் தட்டுகளை மூடுவதற்கென்றே இருபுறமும் ஒன்றுபோல் தெரியும்படி பூவேலை செய்த சதுரத் துணி உண்டு. சம்பா ருமால் என்று அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவில், புத்தகத்தையும் விலையுயர்ந்ததையும் சுற்றிவைக்கத் தனி வகையே இருக்கிறது.

முடிச்சு நம்மிடம் இருந்தது. போனது அதன் மதிப்பு. ‘மூட்டை முடிச்சோடு’ என்றால் ஊரைவிட்டுக் கிளம்புகிறவன், துரத்தப்பட்டவன். தலையில் மூட்டை தூக்குவது கூலி வேலை. துணிமூட்டை சுமந்து வீடு வீடாகப் போனவர்களைச் சாதிக் கண்ணால் பார்த்த ஊர் இது. கையில் மஞ்சள் பையோடு பட்டணத்தில் இறங்கும் பெரியவர் சினிமாவுக்கு எப்போதும் சிரிப்புச் சரக்கு. 2014-ல் ராஜ்கிரண் நடித்த ‘மஞ்சப்பை’ அந்தப் பெரியவரைக் கதாநாயகனாக்கிப் பார்க்கும் வரை அப்படித்தான். ஜப்பானியருக்குத் திருடன் மூட்டை, நமக்குப் பட்டிக்காட்டான் பை. இரண்டு ஊரிலும் பிளாஸ்டிக் உள்ளே வர வழிவிட்டதில் இந்தக் கூச்சத்துக்கு நல்ல பங்கு உண்டு. ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே துணிக்கட்டு மரியாதையின் சடங்கிலும் இருந்தது. ஃபுகுசா என்ற சிறு பட்டுத் துணியில் பரிசை மூடிக் கொண்டுபோவார்கள். பெறுகிறவர் பரிசை எடுத்துக்கொண்டு துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். உறை திரும்பி வரும் என்பது அங்கே பழைய ஒழுக்கம். நம்மூரில் பலகாரம் வந்த எவர்சில்வர் டப்பாவைத் திருப்பும்போது கொஞ்சம் சர்க்கரையோ பழமோ போட்டு அனுப்புகிறோமே, அதே நாகரிகம்தான். டப்பாவுக்குத் தந்த மரியாதையைத் துணிக்குத் தரவில்லை.

இனி கட்டும் முறைக்கு வரலாம். சொல்லிக்கொடுக்கக் கடினமான ஒன்றும் இதில் இல்லை. ஆனால் முதல் முடிச்சைத் தவறாகப் போட்டால் எல்லாம் கெடும். ஃபுரோஷிகியின் அடிப்படை ‘மா-முசுபி’ என்ற முடிச்சு. வலது முனையை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, அடுத்து இடதாகிவிட்ட அதே முனையை மறுபடி மேலே போட்டு ஒரு சுற்று. சரியாக விழுந்தால் இரண்டு வால்களும் முடிச்சின் இருபுறமும் கிடையாகப் படுக்கும். தவறினால் ஒன்று மேலும் ஒன்று கீழுமாகக் குத்திட்டு நிற்கும். அப்படி நிற்கும் முடிச்சு கனம் ஏறியதும் நழுவும், இல்லாவிட்டால் இறுகி அவிழ மறுக்கும். சரியான முடிச்சுக்கு இன்னொரு குணம் உண்டு. எவ்வளவு கனத்தைத் தூக்கினாலும் பிடித்திருக்கும். ஒரு வாலைப் பிடித்து, அது புறப்பட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் அந்த இழை நேராகும், மற்றது அதன்மேல் சுருளாகும், சுருளை உருவினால் முடிச்சு கழன்றுவிடும். நகம் உடையாது, பல் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம்.

அளவுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. துணியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் பொருள் அதில் நன்றாக அடங்கும். 68 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 96. ஆக 30 சென்டிமீட்டர் பெட்டி ஒன்று சுகமாக உட்காரும். பெட்டியைக் கோணலாக நடுவில் வைத்து, எதிரெதிர் இரண்டு மூலைகளை உள்ளே மடித்து, மற்ற இரண்டை மேலே முடிந்தால் தூக்கிக்கொண்டு போகும் கட்டு. நான்கு மூலைகளையும் இரண்டிரண்டாக முடிந்தால் கனமான பாத்திரத்துக்கு. முலாம்பழத்துக்கு, தர்ப்பூசணிக்குத் தனிக்கட்டு. அது பலாப்பழத்துக்கும் ஆகும், பால் துணியில் ஒட்டுவதை மட்டும் சமாளித்தால். பாட்டில்கள் இரண்டு என்றால், அவற்றை அடியும் அடியும் பார்க்கப் படுக்கவைத்து, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு மூலையிலிருந்து சுருட்டிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு முனைகளையும் தூக்கினால் பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் எழுந்து நிற்கும். முனைகளை மேலே முடிந்தால் அதுவே கைப்பிடி. நடுவில் இரட்டைத் துணி இருப்பதால் கண்ணாடி கண்ணாடியோடு உரசாது. கல்வராயன் மலைத் தேனை பழைய பாட்டிலில் வாங்கி, செய்தித்தாள் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இந்த ஒரு கட்டைக் கற்றுக்கொண்டாலே போதும்.

கொரியர்களின் போஜாகி வேறு வழியில் வளர்ந்தது. 1392 முதல் 1910 வரை நீண்ட ஜோசொன் அரச காலத்தில், அரண்மனையில் ஒரு வகை, குடியானவர் வீட்டில் ஒரு வகை. சாப்பாட்டு மேசையை மூட ஒன்று, படுக்கையைக் கட்ட ஒன்று, கல்யாணச் சீரைச் சுற்ற ஒன்று. பலவற்றில் மூலையில் நாடா தைத்திருப்பார்கள். இன்று அங்கே அறுவடைத் திருநாளான சூசோக்குக்கும் புத்தாண்டுக்கும் அனுப்பும் பரிசுப் பெட்டிகளில், மேலே எஞ்சும் துணியைச் செருகிப் பூவாக விரித்துக் கட்டுகிறார்கள். அழகுதான். ஆனால் கள்ளக்குறிச்சி கடன் வாங்க வேண்டியது அந்தப் பூவை அல்ல, ‘ஜோகாக்போ’ என்ற ஒட்டுத்துணி போஜாகியை.

உடுப்புத் தைத்து மிஞ்சிய வெட்டுத்துணிகளைப் பெண்கள் சேர்த்து வைப்பார்கள். கோரைபோல் விறைப்பான, ‘மோசி’ எனப்படும் ராமி நார்த்துணியிலோ பட்டிலோ, கைக்குக் கிடைத்த அளவில், கிடைத்த நிறத்தில் துண்டுகளை இணைப்பார்கள். ஓரங்களை மடித்து உள்ளே புதைத்துத் தைப்பதால் எந்தப் பக்கம் பிசிறு என்றே தெரியாது. முன்புறமும் பின்புறமும் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்தால் தையல் கோடுகள் கறுப்பாக ஓடும். இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த கட்டங்களோடு இவற்றை ஒப்பிட்டு விமர்சகர்கள் வியந்தார்கள். தைத்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. வெளியே அதிகம் நடமாட விடப்படாத வீட்டுப் பெண்கள் அவர்கள். அதையும் சேர்த்தே அந்த அழகைப் பார்க்க வேண்டும். சேகரிப்பாளர் ஹூ டாங்-ஹ்வா இவற்றைக் குப்பைக்குப் போகாமல் வாங்கிச் சேர்த்தார். அவருடைய சேகரிப்பு 2021-ல் திறந்த சோல் கைவினை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஹன்சான் வட்டாரத்தின் மோசி நெசவு 2011-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது.

புதுத் துணி வேண்டாம் என்ற நிபந்தனைக்கு இங்கேதான் காரணம் இருக்கிறது. பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்க, நெய்ய, சாயமேற்ற மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பக் கணக்கில் ஒரு சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமமாவதற்கே ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. 2018-ல் டென்மார்க்கில் தண்ணீர், மண், ஓசோன் என எல்லாக் கெடுதலையும் சேர்த்து எண்ணியபோது ஆயிரக்கணக்கில் போனது. ஆற்றிலும் மாட்டின் வயிற்றிலும் பிளாஸ்டிக் சேர்வது இந்தக் கணக்குகளில் சரியாக வருவதில்லை. ஆகையால் இதை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஆனாலும் 131 என்ற எண்ணை ஒவ்வொரு மஞ்சப்பை மேலும் அச்சடித்து வைக்கலாம். மணமக்கள் பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பையை 131 தடவை கடைக்கு எடுத்துப் போன வீடு எத்தனை? அலமாரிக்குள் அலமாரியாக மஞ்சப்பை சேர்ந்து கிடக்கும் வீடுகளே அதிகம். இயக்கத்தின் நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. பழக்கத்தை மாற்றுவதற்குப் பதில் பொருளை மட்டும் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

பழைய சேலை அந்தக் கடனை ஏற்கெனவே அடைத்துவிட்டது. அதில் புதிதாக ஆகும் செலவு, கத்தரிப்பதும் ஓரம் அடிப்பதும் மட்டும். சேலை நீளம் ஐந்தரை மீட்டர். அகலம் பெரும்பாலும் 113 சென்டிமீட்டருக்கு மேல். குறுக்கே 68-ம் 45-ம் ஆக இரண்டு பட்டையாகப் பிரித்தால், பெரிய சதுரம் 8, சின்னச் சதுரம் 12 கிடைக்கும். கொசுவம் உரசும் இடம், கால் மிதிபடும் ஓரம் என்று இற்றுப்போனதைக் கழித்தாலும் பாதிக்கு மேல் தேறும். மெலிந்த பருத்தியானால் கொரியர்கள் செய்வதுபோல் இரண்டு பரப்பாக வைத்துத் தைக்கலாம். பாலியஸ்டர் சேலை ஆனாலும் பாதகமில்லை. தூக்கி எறியப்படுவதைவிட முடிச்சில் இருப்பது மேல். பூனம் சேலைகள் மட்டும் வழுக்கும், முடிச்சை இன்னும் ஒரு தடவை இறுக்க வேண்டும். தையல் கடை மூலைச் சாக்கில் கிடக்கும் வெட்டுத்துணி வேறு இருக்கிறது. ஓரத்துக்கு பீக்கோ அடிக்கத் தெரிந்தவர் கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

துணி அம்பாரமாகக் குவியும் இன்னோர் இடம் அரசியல் மேடை. ஒரு கூட்டம் முடிந்தால் பொன்னாடை எத்தனை! மு.க.ஸ்டாலின் 2017-லேயே பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். புத்தகமும் வருகிறது, பொன்னாடையும் நிற்கவில்லை. போர்த்தியவுடன் உதவியாளர் கைக்குப் போய், காரின் பின்பக்கத்தில் சுருண்டு, யாருக்கும் உதவாமல் முடியும் அந்த நீள்சதுரத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு பரிசுத் துணி. சரிகைக் கரை ஏற்கெனவே இருக்கிறது. புத்தகத்தை அதில் கட்டிக் கொடுத்தால் இரண்டு மரபும் ஒரே மேடையில் சமாதானமாகிவிடும்.

சோழமண்டலக் கரைக்கும் ஜப்பானின் கட்டுத் துணிக்கும் பழைய உறவு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். டச்சுக் கம்பெனி 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. கடலூர் அருகே தேவனாம்பட்டினத்திலும் அந்தக் கம்பெனி இருந்தது. அவர்கள் கப்பலில் ஏறிய சாயமெழுதிய பருத்தித் துணி ஜப்பான் வரை போய், ‘சரசா’ என்ற பெயரில் அங்கே அரும்பொருளானது. தேநீர்ச் சடங்குக்காரர்கள் அதைக் கிழித்துப் போடாமல் சிறு துண்டும் வீணாகாமல் வெட்டி, தேநீர்க் கிண்ணங்களுக்கும் தூள் குப்பிகளுக்கும் உறையும் சுற்றுத்துணியும் செய்துகொண்டார்கள். கோடு போட்ட இன்னொரு துணிக்கு சாந்தோம் பெயரே ஒட்டிக்கொண்டது. அன்றைய தென்னாற்காட்டின் மேற்கு மூலைதான் இன்றைய கள்ளக்குறிச்சி.

அந்தச் சாயம் துணியில் நிற்க வேண்டுமானால் கடுக்காய் வேண்டும். பருத்தி நார் தானாகச் சாயம் பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்பு முதலில் நாரில் ஏறி, படிகாரத்தையும் இரும்பையும் பிடித்துவைக்கும். அவை சாயத்தைப் பிடித்துவைக்கும். கடுக்காய்ப் பாலில் நனைத்த துணியில் வெல்லமும் இரும்பும் ஊறிய தண்ணீரால் கோடு இழுத்தால், பழுப்பாக விழுந்து கண்முன்னே கறுப்பாகும். கலம்காரியின் கறுப்பு அதுதான். கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினர் பொறுக்கிச் சேர்க்கும் சிறுவன மகசூலில் கடுக்காய்க்கு முக்கிய இடம். கூட்டுறவுச் சங்கத்துக்கோ வியாபாரிக்கோ மூட்டை மூட்டையாகப் போகிறது. சாயமாகவோ மருந்தாகவோ தோல் பதனிடும் சரக்காகவோ வேறெங்கோ விலை ஏறுகிறது. 2021-ல் கருப்பூர் கலம்காரிக்கும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிற்பத்தை அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் குமிழ்த் தாளில் சுருட்டி அனுப்பும் ஊரில், சிற்பத்துக்கு மேல் ஒரு கடுக்காய்ச் சாயத் துணி சுற்றினால், மலையும் சமவெளியும் ஒரே பெட்டிக்குள் வரும். வெளுத்துப்போன பழைய வெள்ளை வேட்டி இந்தச் சாயத்தை நன்றாகப் பிடிக்கும், புதுக் காடாவைவிட.

இதில் மிகைப்படுத்த ஆசை வரும். அதை அடக்க வேண்டிய இடம் கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை முதல் பேருந்து வரை அரசைக் கேள்வி கேட்டது. சாலை இல்லாத ஊருக்கு அழகாகத் துணி கட்டும் பயிற்சி கொண்டுபோவது கேலியாகிவிடும். கைவினைப் பயிற்சி என்ற பெயரில் மூன்று நாள் முகாம், சான்றிதழ், புகைப்படம், பிறகு தையல் இயந்திரம் தூசி படிவது என்ற கதை எல்லா மாவட்டத்திலும் உண்டு. வாங்க ஆள் இருந்தால் பயிற்சி தானாகத் தங்கும். மலையில் வாங்க ஆள் வரும் பண்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன: தேன், சாமை, தினை, புளி, கடுக்காய்ப் பொடி. வெள்ளிமலைக்கும் மேகம் அருவிக்கும் வருகிறவர்கள் எதையாவது வாங்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

சொல்லிக்கொடுக்க ஆளும் தொலைவில் இல்லை. சென்னையில் கொரியப் பண்பாட்டைக் கற்பிக்க 2006 முதல் இன்கோ மையம் இருக்கிறது. ஜப்பானிய மொழிக்கும் மலர் அலங்காரத்துக்கும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் இருக்கிறது. அவர்களிடமிருந்து ஒரு தடவை முடிச்சைக் கற்றுவந்தால், பிறகு மகளிர் குழுப் பெண்ணே அடுத்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். புதுச்சேரி அருகே ஆரோவில்லின் உபாசனா, ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவப் பெண்களுக்கு வெட்டுத்துணியில் விரலளவு ‘சுனாமிகா’ பொம்மை செய்யக் கற்றுத்தந்தது. பொம்மைக்கு விலை வைக்கவில்லை, பரிசாகவே கைமாறியது. வெட்டுத்துணிக்குக் கண்ணியம் வந்த கதைக்கு இந்தப் பக்கத்தில் முன்னுதாரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

துணி திரும்பி வருவதற்கு வழி செய்யாவிட்டால் இதுவும் இன்னொரு தாம்பூலப் பைதான். அதற்கும் மாதிரி இருக்கிறது. நீலகிரியில் 2022 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில், மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிறார்கள். காட்டுக்குள் உடைந்து யானைக் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பாட்டிலுக்கு முடிந்தது துணிக்கும் முடியும். வெள்ளிமலையில் கோடை விழா நடக்கும் ஆண்டில் மகளிர் குழுக் கடையில் தேன் பாட்டிலைப் பழஞ்சேலைத் துண்டில் கட்டிக் கொடுத்து, துணிக்குத் தனியாக ஒரு தொகை வாங்கலாம். கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைப் பக்கமோ கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்திலோ குழுவின் இன்னொரு கடையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வைத்துக்கொள்ளட்டும். அப்போது அது விற்பனை. திரும்பி வருவதைத் துவைக்கத் தண்ணீர் வேண்டும், கோடையில் மலையில் அதுவும் செலவுக் கணக்கில் எழுத வேண்டியதுதான். ஆகவே முதல் வருடம் மூடி இறுகிய தேன் பாட்டிலோடும் சாமைப் பொட்டலத்தோடும் நிறுத்திக்கொண்டு, எண்ணெய் கசியும் பலகாரங்களை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கலாம்.